ஆணையிட மறுத்தவர்

குற்றஞ்சாட்டப்பட்டவர் தமக்கெதிராகத் தாமே வாய் திறக்க வேண்டியதில்லை என்பதை இன்று இயல்பான ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இவ்வுரிமையின் வரலாற்றைப் புரட்டும்போது நாம் எதிர்கொள்பவர் மௌனி அல்லர். வாயை மூடவே அறியாத ஒரு மனிதர்.

ஜான் லில்பர்ன், லண்டனில் துணி வணிகர் ஒருவரிடம் தொழில் பழகிய இளைஞர். ஆயர்களைச் சாடும் நூல்களை ஹாலந்திலிருந்து கொண்டுவந்தார் என்று 1637 டிசம்பரில் கைதாகி, ஸ்டார் சேம்பர் என்னும் அரசவை நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். அங்கே விசாரணைக்கு முன்பாக ஓர் ஆணை உண்டு. கேட்கப்போகும் வினாக்கள் அனைத்துக்கும் உண்மையே உரைப்பேன் என்று கடவுளின் பெயரால் ஆணையிட வேண்டும். வினாக்கள் எவை என்பது பிறகுதான் தெரியும். இறைநம்பிக்கை மிகுந்த ஒருவருக்கு இது எத்தகைய பொறி! உண்மை சொன்னால் தண்டனை, பொய் சொன்னால் நரகம், ஆணையிட மறுத்தாலோ நீதிமன்ற அவமதிப்பு. லில்பர்ன் மூன்றாவதைத் தேர்ந்தார்.

500 பவுண்டு அபராதம். 1638 ஏப்ரலில் வண்டியின் பின்னால் கட்டப்பட்டு, ஃப்ளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை சாட்டையடி. பின்னர் கழுத்தைப் பிணைக்கும் மரச்சட்டத்தில் நிறுத்தினார்கள். அங்கிருந்தும் கூட்டத்தை நோக்கிப் பேசினார், துண்டு நூல்களை வீசினார். இறுதியில் வாயைக் கட்டினார்கள். பதில் சொல்லாததற்காக அடிபட்டவரின் வாயைப் பேசியதற்காகக் கட்ட நேர்ந்த இந்த விந்தையைக் கடந்துசெல்ல நமக்கு மனம் வரவில்லை. 1641இல் நாடாளுமன்றம் ஸ்டார் சேம்பரையே ஒழித்தது.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் வெற்றிமுரசு கொட்டி நிறுத்திவிடும். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஏனெனில், அதே இங்கிலாந்தின் சாதாரணக் குற்ற வழக்குகளில், குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கே பதில் கூறாமல் நின்றவரைப் படுக்கவைத்து மார்பின்மீது பாரம் ஏற்றும் வழக்கம் 1772 வரை சட்டத்தில் இருந்தது. பதில் கூறாதவரை விசாரிக்க வழியில்லை. தீர்ப்பின்றி இறந்தால் சொத்து அரசுக்குப் போகாமல் பிள்ளைகளுக்கு எஞ்சும் என்று இச்சாவை ஏற்றவர்களும் உண்டு. 1692இல், ஆங்கிலேயக் குடியேற்றமான மாசசூசெட்ஸின் சேலத்தில், சூனிய வழக்கில் சிக்கிய முதியவர் கைல்ஸ் கோரி அவ்வாறே நசுங்கி இறந்தார்.

பதில் கூறியவர்க்கும் மௌனம் கைகொடுக்கவில்லை. கொடுங்குற்ற வழக்குகளில் வழக்குரைஞர் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. தமக்காகத் தாமே பேசாவிட்டால் பேச வேறு நாவில்லை. 1730களில்தான் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வழக்குரைஞர்களை நீதிபதிகள் அனுமதிக்கத் தொடங்கினர். ஜூரிகளிடம் வாதாடும் முழு உரிமை 1836இல்தான் வந்தது. மௌன உரிமையை உண்மையில் ஈன்றவர்கள் இவ்வழக்குரைஞர்களே என்பது சட்ட வரலாற்றாசிரியர் ஜான் லாங்பைனின் வாதம். லில்பர்னின் தழும்புகளை அது சற்றுச் சிறிதாக்கினாலும், நமக்கு ஏற்புடையதாகவே படுகிறது. தன் சார்பில் பேச ஒருவர் இருந்தால்தானே மௌனம் காக்க இயலும்?

ஆங்கிலச் சட்டத்தின் இந்த ஆணைச் சிக்கல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆம் பிரிவில், குற்றஞ்சாட்டப்பட்டவரை நீதிபதி வினவலாம். ஆனால் ஆணையிடச் செய்யலாகாது, பதில் மறுத்தால் தண்டிக்கவும் கூடாது. எனினும் அம்மறுப்பிலிருந்து நீதிமன்றம் தனக்கு நியாயமெனத் தோன்றும் முடிவுக்கு வரலாம் என்றொரு வாலும் அதில் ஒட்டியிருந்தது. எவரையும் தமக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்று 1950இல் அரசமைப்பின் 20(3) உறுப்பு உரைத்த பின்னரும் அந்த வால் நீடித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 313ஆம் பிரிவில்தான் அது நறுக்கப்பட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது திரும்பவில்லை.

லில்பர்ன் சாட்டையடி பட்ட இங்கிலாந்திலோ, மௌனத்திலிருந்து சில சூழல்களில் குற்றத்தை ஊகிக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கும் சட்டம் 1994இல் நிறைவேறியது.