குளிர்பதனப் பெட்டியின் அறைகள்

குளிர்பதனப் பெட்டி, பேச்சுவழக்கில் பிரிட்ஜ், உணவு கெடும் வேகத்தைக் குளிரால் தணிக்கும் வீட்டுக் கருவி. இறைச்சிக்கும் பாலுக்கும் கீரைக்கும் வேண்டிய குளிர் வெவ்வேறு; அதனால் உள்ளிடம் அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது.

இக்கருவிக்கு முன் பனிக்கட்டி கப்பலில் வந்தது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து அறுத்த கட்டிகளை மரத்தூளில் பொதித்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏறத்தாழ 180 டன் ஏற்றியதில், நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் சுமார் 100 டன் எஞ்சியது வியப்புக்குரியது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்தின் கிடங்கு. நீராவியால் இயங்கும் பனிக்கட்டி ஆலைகள் வந்ததும் வணிகம் நலிந்தது. 1897இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் பிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது.

கெடாமல் காக்கக் குளிர் அல்லாத வழிகளும் உண்டு: ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பச்சைத்தோலை உப்பிட்டுக் காப்பது வழக்கம். உப்பு ஈரத்தை இழுத்துவிடுவதால் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. குளிரோ ஈரத்தை விட்டுவைத்து, நுண்ணுயிர்களின் வேகத்தை மட்டும் குறைக்கிறது. காயும் பாலும் சுவை மாறாமல் இருக்க இதுவே ஏற்ற வழி.

உறை அறையில் வெப்பநிலை மைனஸ் 18 பாகை செல்சியஸ். அங்கே நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை, ஆனால் பெரும்பாலானவை சாவதும் இல்லை. ஆகவே உறைநீங்கிய இறைச்சியையும் மீனையும் உடனே சமைத்துவிட வேண்டும். நடுத்தட்டுகள் 4 பாகையை ஒட்டியவை: பால், தயிர், சமைத்த உணவு, இட்லி மாவு ஆகியவற்றுக்கு உரியவை. மாவு அங்கும் புளிக்கும், மெதுவாக. கதவைத் திறக்கும்தோறும் வெளிக்காற்று படுவதால் கதவுத்தட்டே சூடான இடம். பாலுக்கு அது ஆகாது, ஊறுகாய்க்குப் போதும்.

அடியிலுள்ள காய்கறிப் பெட்டி மூடியிருப்பதால் காய்கள் விடும் ஈரம் உள்ளேயே தங்கி, கீரையும் கொத்தமல்லியும் வாடாதிருக்கும். ஆனால் பழுத்த மாம்பழமும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை வெளிவிட்டு, அருகிலுள்ள கீரையை மஞ்சளாக்கும். பழத்தைப் பிரித்து வைப்பதே முறை. வெப்பமண்டலத்துக்குரிய வாழைப்பழம் கடுங்குளிரில் தோல் கறுக்கும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். கிழங்கும் வெங்காயமும் காற்றோட்டமான கூடைக்கு உரியவை.

உறைபனி படியாத இன்றைய வகைகளில் விசிறி குளிர்காற்றை எல்லா அறைகளுக்கும் செலுத்துகிறது.