நைட்ரோபென்சீன்: ஒரே வினையில் பிறந்த விஷமும் மருந்தும்

1/
காய்ச்சல்னா நாம போடுற பாராசிட்டமால்.
செடியில பூ நிறைய பிடிக்கணும்னு உரக்கடையில் வாங்கித் தெளிக்கும் மருந்து.
விஷ முறிவுக்காக நாங்க ரத்தநாளத்தில் ஏற்றும் ஒரு நீல நிற ஊசி.

இந்த மூணுக்கும் ஒரே பூர்வீகம்னு சொன்னா நம்புவீங்களா? "நைட்ரோ ஏற்றம்" என்கிற வேதிவினைதான் அது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க, கடைசியில் உயிர் காக்கும் விஷயம் ஒண்ணு இருக்கு.

2/
1834. பெர்லினில் மிட்ஷர்லிஷ் என்ற வேதியியலாளர் பென்சீனுடன் புகையும் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தார். மஞ்சள் நிற எண்ணெய் போல ஒன்று கிடைத்தது. அதுதான் நைட்ரோபென்சீன்.

3/
பென்சீன் என்பது ஆறு கார்பன்கள் கைகோத்து நிற்கும் வளையம். ரொம்பப் பிடிவாதமானது. புது ஆளை லேசில் உள்ளே விடாது. நைட்ரிக் அமிலம் மட்டும் போதாது, கூடவே அடர் கந்தக அமிலமும் வேண்டும்.

ஏன்? கந்தக அமிலம் நைட்ரிக் அமிலத்திடமிருந்து தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது நைட்ரோனியம் என்ற நேர்மின் அயனி. எலக்ட்ரானுக்கு அலையும் அயனி அது. வளையத்தைத் தாக்கி, ஒரு ஹைட்ரஜனை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். வேலை முடிந்ததும் கந்தக அமிலம் செலவாகாமல் மிஞ்சும். அதனால்தான் அது வினையூக்கி.

4/
தொழிற்சாலையில் இதைச் சுமார் 50-60 டிகிரியில் செய்வார்கள். வினையே வெப்பத்தை உமிழும். சூடு கைமீறினால் இரண்டாவது நைட்ரோவும் ஏறும், விபத்தும் நடக்கும். டொலுயீன் வளையத்தில் மூன்று நைட்ரோ ஏற்றினால் டிஎன்டி வெடிமருந்து!

மிஞ்சும் கழிவு அமிலம் பெரிய தலைவலி. அதனால் ஸியோலைட் போன்ற திட வினையூக்கிகளை ஆராய்கிறார்கள். ஆனாலும் ஆலைகளில் இன்னும் பெரும்பாலும் அந்தப் பழைய அமிலக் கலவையின் ராஜ்ஜியம்தான்.

5/
நைட்ரோபென்சீனுக்குக் கசப்பு பாதாம் வாசனை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் "மிர்பேன் எண்ணெய்" என்ற பெயரில் சோப்புக்கு நறுமணமாகவே சேர்த்தார்கள். விஷத்தைத்தான் மணக்க மணக்கப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

6/
1842இல் ரஷ்யாவின் கசானில் ஜினின் என்பவர் நைட்ரோபென்சீனை அனிலினாக மாற்றினார். 1856இல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குயினைனைச் செய்யப் போய், அனிலினிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். சாயத் தொழில் கிடுகிடுவென வளர்ந்தது.

சாயம் துணியில் மட்டும் ஏறவில்லை. நைட்ரோபென்சீனும் அனிலினும் கையாண்ட தொழிலாளர்களின் உதடும் நகமும் நீலமாயின.

7/
காரணம் ரத்தத்தில். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு "இரண்டாம் நிலையில்" இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். இந்த ரசாயனங்கள் உடலுக்குள் மாறும்போது உருவாகும் பொருட்கள் அதை "மூன்றாம் நிலைக்கு" தள்ளிவிடும். இதுதான் மெத்திமோகுளோபின்.

பஸ் இருக்கு, ஆனா கதவு திறக்கல. நுரையீரலில் ஆக்சிஜன் நிறைய நின்றாலும் ஏற முடியாது. ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறிவிடும்.

8/
1886, ஸ்ட்ராஸ்பர்க். கான், ஹெப் என்ற இரு இளம் மருத்துவர்கள் குடல்புழுவுக்காக ஒரு நோயாளிக்கு நாப்தலீன் கொடுத்ததாக நினைத்தார்கள். புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கியது! பார்த்தால் கொடுத்தது நாப்தலீனே இல்லை, அனிலினிலிருந்து செய்யும் அசிட்டனிலைடு. காய்ச்சல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலர் அதே மாதிரி நீலமானார்கள்.

9/
புதிர் அவிழ்ந்தது 1948இல். அமெரிக்காவில் பிராடி, ஆக்ஸல்ராட் இருவரும் கண்டறிந்தது இதுதான்: உடலுக்குள் அசிட்டனிலைடின் பெரும்பகுதி பாராசிட்டமாலாக மாறுகிறது, காய்ச்சலையும் வலியையும் குறைப்பது அது. சிறு பகுதி அனிலினாகப் போகிறது, நீலமாக்குவது அது.

அப்போ நேரா பாராசிட்டமாலையே கொடுத்தா என்ன? அந்தக் கேள்விதான் இன்று உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

10/
சரி, நீலமானவர்களுக்கு என்ன மருந்து?

1876இல் ஜெர்மனியில் காரோ என்பவர் உருவாக்கிய மெத்திலீன் ப்ளூ. அதுவும் அனிலின் குடும்பத்துச் சாயமே! நம் சிவப்பணுக்கள் அதை நிறமற்ற வடிவமாக மாற்றும், அது எலக்ட்ரானைக் கொடுத்து இரும்பை மறுபடி இரண்டாம் நிலைக்குக் கொண்டுவரும். நீலமானவருக்கு நீல மருந்து. அளவு மீறினால் இதுவே மெத்திமோகுளோபினை உண்டாக்கும். ஜி6பிடி நொதி குறைபாடு உள்ளவர்களுக்கு ஆபத்து. அதனால் மருத்துவமனையில் மட்டும்தான்.

11/
இது ஏதோ ஐரோப்பாவில் முடிந்த கதை இல்லை. பூ பிடிக்கத் தெளிக்கும் பல மருந்துகளில் இருப்பது இந்த நைட்ரோபென்சீன்தான். "பூச்சிமருந்து இல்லையே, டானிக்தானே" என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். குடித்தாலும், தோலில் பட்டாலும், ஆவியைச் சுவாசித்தாலும் ரத்தத்தில் சேரும்.

12/
நினைவில் வையுங்கள்:

▪ குடித்தவர் முதலில் நன்றாகவே இருப்பார். பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வரலாம். காத்திருக்காதீர்கள், உடனே 108.
▪ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.
▪ உடலில் பட்டிருந்தால் துணியைக் கழற்றிவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
▪ பாட்டிலைக் கையோடு கொண்டு வாருங்கள். லேபிளில் உள்ள பெயர் எங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். வழக்கமான பூச்சிமருந்து விஷத்துக்குத் தரும் மருந்து இதற்கு உதவாது.
▪ நோயாளி தெளிந்த பிறகும் "வீட்டுக்குப் போறோம்"னு அவசரப்படாதீர்கள். இது உடல் கொழுப்பில் தங்கி, மறுபடி ரத்தத்துக்கு வந்து திரும்ப நீலமாக்கலாம்.
▪ குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள்.

13/
வினை ஒன்றுதான். அதில் பிறந்தது சாயமாச்சு, விஷமாச்சு, காய்ச்சல் மருந்தாச்சு, விஷத்துக்கு முறிவும் ஆச்சு. எது எதுவாகும் என்பது அளவிலும் கையாளும் விதத்திலும் இருக்கிறது.

மனசு பாரமா இருக்கிற யாராவது இதைப் படித்தால், அந்தப் பாட்டிலை நோக்கிப் போகாதீங்க. 104 அல்லது 14416க்குக் கூப்பிடுங்க. பேச ஆள் இருக்கோம்.

விவசாயம் பார்க்கும் சொந்தங்களுக்கு இதைப் பகிருங்கள்.