கூர்மையும் கனமும்: வேட்டை அம்பு குறித்த ஃபிக்ஹ் நோக்கும் வில்லாளர் கலையும்

கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மகனார் அதிய்யு (ரலி) அவர்கள் வேட்டை பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தொடுத்த வினாக்கள், ஹதீஸ் நூல்களின் வேட்டைப் பாடத்திற்கே அடித்தளமாக அமைந்தவை. அவற்றுள் ஒன்று 'மிஃராள்' என்னும் எறிபொருளைப் பற்றியது. இறகற்ற அம்பு என்று அதற்குச் சிலர் பொருள் கூறுவர். முனையில் இரும்பு பொருத்திய கனத்த கோல் என்பர் வேறு சிலர். அது தன் கூர்ப்பகுதியால் தாக்கியிருந்தால் உண்ணலாம்; அகலப்பகுதியால் தாக்கிக் கொன்றிருந்தால் அடித்துக் கொல்லப்பட்டதன் வகையில் அது சேரும், உண்ணலாகாது என்பது அண்ணலார் அளித்த விடையின் சாரம். இமாம் புகாரி, இமாம் முஸ்லிம் (ரஹ்) இருவரும் இதனைப் பதிவு செய்துள்ளனர். அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் விலக்கியுள்ள 'மவ்கூதா' என்பதன் விளக்கமாகவும் இது அமைகிறது.

இங்கே சிந்திக்கத்தக்க ஒரு சிக்கல் எழுகிறது. கனத்தால் இறந்த பிராணி கூடாது என்கிறது ஃபிக்ஹ். பெரிய விலங்கை வீழ்த்தக் கனமான அம்பே வேண்டும் என்கிறது வில்லாளர் அனுபவம். கனத்தை ஒருவர் தள்ளுகிறார், மற்றவர் வேண்டுகிறார். இவ்விரண்டும் முரண்படுகின்றனவா?

சட்ட அறிஞர்களின் அளவுகோல்

ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய 'ஹிதாயா'வில் இமாம் மர்கீனானி (இறப்பு: 1197) இதனை நுட்பமாக ஆராய்கிறார். கல் ஒன்று கூர்முனை உடையதாக இருந்தாலும், அது கனமானதாயின் அதனால் இறந்த பிராணி ஆகுமானதன்று. கனமே அதனைக் கொன்றிருக்கக் கூடும் என்ற ஐயம் இருக்கிறது. அதே கல் இலேசாகவும் கூராகவும் இருந்தால், இறப்புக்குக் காயமே காரணம் என்பது உறுதியாகிறது. எனவே அது ஆகுமாகும். காயத்தால் இறந்தது உறுதியானால் ஹலால், கனத்தால் இறந்தது உறுதியானால் ஹராம், ஐயம் நேர்ந்தால் பேணுதல் கருதி விலக்கு. இதுவே அவர் தரும் பொதுவிதி.

இதே நோக்கில்தான் களிமண் உருண்டையை வில்லில் வைத்தெறியும் 'புந்துகா'வும் பார்க்கப்பட்டது. அது சதையைக் கிழிப்பதில்லை, நசுக்குகிறது. சிறு கற்களை விரலிடுக்கில் வைத்துச் சுண்டுவதையும் அண்ணலார் தடுத்தார்கள். அது வேட்டைப் பிராணியை வீழ்த்தாது, பகைவனைக் காயப்படுத்தாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணமும் கூறியதாக அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவிக்கின்றார்கள். பயனின்றித் துன்பம் மட்டுமே விளைவிக்கும் எறிபொருள் எதற்கும் இக்காரணம் பொருந்தும் அன்றோ?

வில்லாளர்களின் நூல்கள்

அரபு மொழியில் வில்வித்தைக்கெனத் தனி நூல்வரிசையே உண்டு. அபூ ஹாஷிம், தாஹிர் அல்பல்கீ, இஸ்ஹாக் அர்ரஃப்பா ஆகிய மூவரை இக்கலையின் இமாம்களாகவே பிற்கால ஆசிரியர்கள் குறிப்பிடுவர். மம்லூக்குகள் காலத்தில் தைபுகா என்பார் ஏறத்தாழ 1368இல் இயற்றிய நூல் இவ்வரிசையில் சிறப்பிடம் பெற்றது. லாதம், பேட்டர்சன் ஆகிய இருவரும் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1970இல் வெளியிட்டனர்.

இந்நூல்களில் வில்லின் வலிமை 'ரத்ல்' கணக்கிலும் அம்பின் எடை 'திர்ஹம்' கணக்கிலும் பேசப்படுகின்றன. நம் முன்னோர் கடைத்தெருவில் வழங்கிய 'ராத்தல்' என்னும் சொல்லின் வேர் இந்த ரத்லே. வில்லுக்கு ஏற்ற அம்பு, வில்லாளனுக்கு ஏற்ற வில் என்பது அவ்வாசிரியர்களின் அடிப்படைக் கொள்கை. மரம், கொம்பு, விலங்கின் நரம்பு ஆகியவற்றை ஒட்டிச் செய்த கூட்டு வில்லில் அளவுக்கு மிஞ்சி இலேசான அம்பைத் தொடுத்தால், அம்பு ஏற்றுக்கொள்ளாத விசை வில்லுக்கே திரும்பி அதனைச் சிதைத்துவிடும்.

தேவைக்கேற்ப அம்பு மாறியது. 'ஹுஸ்பான்' எனப்படும் சிற்றம்பு, பள்ளமிட்ட வழிகாட்டிக் கட்டையின் மீது வைத்து எய்யப்பட்டது. மிக விரைவாகவும் தொலைவாகவும் அது பறக்கும். இஸ்தான்பூலின் ஓக்மெய்தானியில் உஸ்மானிய வில்லாளர்கள் தொலைவுப் போட்டிக்கென மிக இலேசான அம்புகளைச் செய்தனர். 800 மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுகள் அங்கே பதிவாயின. அவற்றின் நினைவுக் கற்கள் சில இன்றும் நிற்கின்றன. உஸ்மானியத் தூதரகச் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் 482 கெஜம் (ஏறத்தாழ 440 மீட்டர்) எய்து ஆங்கிலேயரை வியப்பில் ஆழ்த்தினார். ஆனால் தொலைவை வெல்லும் அந்த அம்பு, காட்டு விலங்கை வீழ்த்தும் அம்பன்று.

கணக்கு கூறும் உண்மை

இதன் காரணத்தை எளிய கணக்கால் காட்டலாம். முழுதும் இழுத்த வில் ஒன்றில் 70 ஜூல் ஆற்றல் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். நாணும் வில்லின் கைகளும் தாம் நகர்வதற்கு எடுத்துக்கொள்ளும் ஆற்றல், 10 கிராம் எடையை அம்புடன் சேர்த்துச் செலுத்துவதற்கு ஒப்பானது எனக் கொள்வோம். 20 கிராம் அம்பு நொடிக்கு 68 மீட்டர் வேகத்தில் புறப்படும். 40 கிராம் அம்பு 53 மீட்டர் வேகத்தில் புறப்படும். எடை இருமடங்காகியும் வேகம் கால்பங்குக்கும் குறைவாகவே தாழ்கிறது. முதல் அம்பு 47 ஜூல் ஆற்றலைக் கொண்டுசெல்ல, இரண்டாவது 56 ஜூல் கொண்டுசெல்கிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தமோ 55 விழுக்காடு கூடிவிடுகிறது. தோல், தசை, எலும்பு என ஒன்றன்பின் ஒன்றாக எதிர்த்து நிற்கும் தடையை ஊடுருவ இந்த உந்தமே பெரிதும் துணைநிற்பது.

எனினும் கனத்திற்கு ஒரு விலை உண்டு. 20 மீட்டர் தொலைவில் இலேசான அம்பு 42 சென்டிமீட்டர் தாழும். கனமான அம்பு 70 சென்டிமீட்டர் தாழும். வேடன் 20 மீட்டர் என மதிப்பிட்ட விலங்கு உண்மையில் 25 மீட்டரில் நின்றால், இலேசான அம்பு குறிக்கு 13 சென்டிமீட்டர் கீழேயும் கனமான அம்பு 22 சென்டிமீட்டர் கீழேயும் படும். நெஞ்சைக் குறித்த அம்பு காலைத் துளைக்க அந்த வேறுபாடு போதும். எனவே கனமான அம்பைத் தேர்ந்தவன் விலங்கை நெருங்கியாக வேண்டும். தொலைவைத் திருத்தமாக மதிப்பிடப் பழகியாக வேண்டும். தொலைவில் நின்று எய்ய விரும்புவோன் வேகத்தை நாடுவான். ஆனால் அவன் அம்பு ஆழம் செல்லாது.

பெரிய விலங்கின் முன்

அம்பு துப்பாக்கிக் குண்டைப் போல் அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூர்முனை இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அறுப்பதால் ஏற்படும் குருதிப்போக்கே விலங்கை வீழ்த்துகிறது. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் பெரிய விலங்குகளின் உடல்களில் அம்புகளை எய்து ஆராய்ந்த எட் ஆஷ்பி, கனத்த எலும்பை ஊடுருவுவதில் ஏறத்தாழ 650 கிரெய்ன், அதாவது 42 கிராம் எடை ஒரு எல்லைக்கோடாக இருப்பதைக் கண்டார். ஆனால் எடையை அவர் முதலிடத்தில் வைக்கவில்லை. அம்பு உடையாதிருத்தலும், தள்ளாடாமல் நேராகப் பறத்தலும் அதற்கு முன்னே நிற்கின்றன. தள்ளாடும் அம்பு சாய்ந்து மோதி, தன் விசையைப் பக்கவாட்டில் இழந்துவிடுகிறது. இறகற்ற மிஃராள் அகலவாட்டில் மோதும் குறையும் இதுவேயன்றி வேறென்ன?

துல்ஹுலைஃபாவில் ஓட்டகம் ஒன்று மிரண்டோடியபோது ஒருவர் அம்பெய்து அதனை நிறுத்திய நிகழ்ச்சியை ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அறிவிக்கின்றார்கள். கட்டுக்கடங்காத கால்நடை காட்டு விலங்கின் நிலையை அடைகிறது, அதனிடம் அவ்வாறே நடந்துகொள்க என்று அண்ணலார் அனுமதித்தார்கள். அத்தகைய பேருடலை நிறுத்த ஆழம் செல்லும் அம்பே வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆழம் செல்லாத அம்பால் விளையும் கேடு சட்டத்தையும் தொடுகிறது. மேலோட்டமாகக் காயமுற்ற விலங்கு ஓடிவிடும். மலையிலிருந்து விழலாம், நீரில் மூழ்கலாம். ஓரிரு நாள் கழித்துக் கிடைத்த பிராணியில் தன் அம்பின் தடமன்றி வேறெதுவும் இல்லையெனில் உண்ணலாம். நீரில் விழுந்து கிடந்தால் உண்ணலாகாது என்று அதிய்யு (ரலி) அவர்களுக்கே விளக்கப்பட்டது. உயிருடன் கைக்கெட்டினால் அறுத்தாக வேண்டும். ஆக, அம்பைத் தேர்வதில் காட்டும் அலட்சியம் ஒருபுறம் வாயில்லாப் பிராணியின் வேதனையாகவும், மறுபுறம் உணவின் ஐயமாகவும் முடிகிறது.

ஈயக் குண்டும் பழைய கேள்வியும்

துப்பாக்கி வந்தபின் இவ்விவாதம் புத்துயிர் பெற்றது. ஈயக் குண்டுக்குக் கூர்மை இல்லை, அது சுட்டும் விசையால் மோதியுமே கொல்கிறது என்று ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு: 1836) விலக்கினார். அது உடலைத் துளைத்துச் செல்கிறது, துளைத்தலே ஹதீஸ் கூறும் நிபந்தனை என்று யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானி (இறப்பு: 1834) அனுமதித்தார். பிற்கால மாலிகி அறிஞர்களும் அனுமதியின் பக்கமே நின்றனர். இருசாராரும் முடிவில் வேறுபட்டாலும், கேட்ட கேள்வி ஒன்றே: கொன்றது துளையா, மோதலா?

இப்போது முதல் சிக்கலுக்குத் திரும்பலாம். ஃபிக்ஹ் விலக்குவது, கூர்மையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கனத்தை. வில்லாளர் வேண்டுவது, கூர்மைக்குப் பின்னின்று அதனை உள்ளே செலுத்தும் கனத்தை. முன்னது நசுக்குகிறது, பின்னது அறுக்கத் துணைசெய்கிறது. 40 கிராம் அம்பாயினும் முனை மழுங்கியிருந்தால் அது வெறும் கோல். கூர்முனை இருந்தும் உந்தம் இல்லையெனில் அது வேதனை தரும் முள். இரண்டும் கூடியபோதுதான் அம்பு அம்பாகிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைத் தடைசெய்துள்ளது. ஆகவே இவ்வறிவு நமக்கு வில்லேந்துவதற்கன்று. ஆனால் எல்லாவற்றிலும் செம்மையை அல்லாஹ் விதித்துள்ளான், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ளட்டும், பிராணிக்கு இலகுவாக்கட்டும் என்ற ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு, ஒவ்வொரு பெருநாளன்றும் நம் வாசலில் நிற்கும் குர்பானிக்கு அப்படியே பொருந்துகிறது. திர்ஹம் கணக்கில் அம்பை நிறுத்த அந்தப் பழைய வில்லாளனின் கவனத்தில் ஒரு பகுதியேனும் நம் கத்தியைத் தீட்டும் கைக்கு வேண்டாமா?