ஆகஸ்ட் மாத பாரிஸ்: ஊரில் மிச்சமிருப்பவர்களின் கோடை

பாரிஸ் நகரத்துக்கு ஆகஸ்ட் மாதத்தில் போனால் தெருவுக்குத் தெரு ஒரே காட்சிதான். கடை ஷட்டர் இறங்கியிருக்கும். அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும்: வருடாந்திர விடுமுறை, செப்டம்பரில் திறப்போம். கறிக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர், மூலையில் இருக்கும் சின்ன ஓட்டல்காரர் என்று ஆளாளுக்குக் கடலோரமோ சொந்த ஊரோ போயிருப்பார்கள்.

ஆனால் அதே மாதத்தில் அதே ஊரில்தான் எத்தனை இலவசக் கொண்டாட்டங்கள்! செய்ன் நதிக்கரையில் சாய்வு நாற்காலி போட்டுப் படுக்கலாம். லா வில்லெத் பூங்காவில் புல்வெளியில் உட்கார்ந்து திறந்தவெளி சினிமா பார்க்கலாம் (1990-இல் ஆரம்பித்தது). 2025 முதல் செய்ன் நதியிலேயே இறங்கி நீந்தலாம். ஊரே காலியாகும் நேரத்தில் யாருக்காக இவ்வளவு ஏற்பாடு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வரி, ரயில் டிக்கெட், சாக்கடை, சவப்பெட்டி என்று எங்கெங்கோ போய் நிற்கிறது கதை.

முதலில் வரி. வணிகவியல் படிப்பவர்களுக்கு 'ஆக்ட்ராய்' என்ற சொல் புதிதில்லை. சரக்கு ஊருக்குள் நுழையும்போது நகராட்சி வசூலிக்கும் நுழைவு வரி அது. மும்பையில்கூட 2017-இல் ஜி.எஸ்.டி. வரும் வரை இருந்தது. அந்தச் சொல்லே பிரெஞ்சுச் சொல்தான். பாரிஸில் 1780களில் நுழைவு வரியை ஏய்ப்பவர்களைத் தடுக்க ஊரைச் சுற்றி சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவரே எழுப்பிவிட்டார்கள். சுவருக்கு உள்ளே ஒயின் விலை அதிகம், வெளியே மலிவு. கூலிக்காரன் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுவரைத் தாண்டிப் போய்க் குடித்து, ஆடி, பாடிவிட்டுத் திரும்புவான். இப்படி எல்லைக்கு வெளியே மரத்தடி பெஞ்சும் பிடில் வாத்தியமுமாக நடந்த மலிவு விலை ஒயின் கடைகளுக்கு 'கேங்கெத்' என்று பெயர். பாரிஸ் ஏழைகளின் கோடைக் கொண்டாட்டம் வரி விகிதத்தைப் பார்த்துத்தான் இடம் பிடித்தது!

1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறை விழுந்ததை எல்லோரும் படித்திருக்கிறோம். அதற்கு ஓரிரு நாட்கள் முன்பே ஜனங்கள் இந்தச் சுவரின் சுங்கச் சாவடிகளைக் கொளுத்திவிட்டார்கள் என்பது பாடப் புத்தகத்தில் அவ்வளவாக வருவதில்லை. சுதந்திரம், சமத்துவம் எல்லாம் சரிதான், ஒயின் விலையும் கொஞ்சம் காரணம் :-) புரட்சிக்காரர்கள் 1791-இல் வரியை ஒழித்தார்கள். 1798-இல் அது சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டது. 1860-இல் நகர எல்லை விரிந்தபோது வரி எல்லையும் கூடவே நகர்ந்தது, கேங்கெத்துகள் இன்னும் தள்ளிப் போயின. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாஸ்டில் சதுக்கத்திலிருந்து மார்ன் நதிப் பக்கமாக ரயில் விட்டிருந்தார்கள். ரயிலில் போய் நதியோரம் இறங்கி, படகு ஓட்டி, பொரித்த மீன் தின்றுவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். ஒரே ஒரு நாள் விடுமுறைக்குள் அடங்கும் கோடை.

நதியில் குளிப்பதிலும் இரண்டு வகை உண்டு. காசு உள்ளவர்களுக்கு மிதக்கும் நீச்சல் குளங்கள் இருந்தன. படகுகளைச் சேர்த்துக் கட்டி நடுவே நதித் தண்ணீரைத் தேக்கிய அமைப்பு அது. 1785-இல் நீச்சல் பள்ளியாகத் தொடங்கிய 'தெலிஞி' குளம் அவற்றில் பிரபலம். இருநூறு வருஷத்துக்கு மேல் மிதந்துவிட்டு 1993 ஜூலையில் ஒரு நாள் மூழ்கியே போனது. காசு இல்லாதவர்கள் சும்மா கரையில் துணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள்.

இந்த இரண்டாவது வகையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜார்ஜ் சூரா 1884-இல் முடித்த 'அஸ்னியேரில் குளிப்பவர்கள்' ஓவியத்தைப் பார்க்க வேண்டும். இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய துணியில் ராஜாக்களையும் தேவதைகளையும்தான் வரைவார்கள். சூரா வரைந்தது வேலைக்காரப் பையன்களை. தொப்பியைத் தலையில் வைத்தபடியே சிலர் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவன் கையைக் குவித்து வாயில் வைத்துக் கூவுகிறான். பின்னால் கிளிஷி தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள். வலது பக்கம் ஒரு சின்னப் படகில் உயரத் தொப்பி போட்ட கனவானையும் குடை பிடித்த பெண்மணியையும் யாரோ அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த அக்கரைதான் கிராந்த் ஜாத் தீவு. சூராவின் அடுத்த பெரிய ஓவியத்தில் மத்தியதர வர்க்கம் விறைப்பாக நின்று ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பது அங்கேதான். வருஷாந்திர சலோன் கண்காட்சிக்கு அனுப்பிய குளிப்பவர்கள் ஓவியத்தை நடுவர்கள் நிராகரித்துவிட்டார்கள்.

ஓவியத்தில் வராத ஒரு சமாச்சாரமும் அந்தப் பக்கத்தில் இருந்தது. பாரிஸின் புதிய பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் பெரிய குழாய் ஊர்க் கழிவையெல்லாம் சுமந்துவந்து கொட்டியது அஸ்னியேர் - கிளிஷி பக்கம்தான். நகரம் சுத்தமானது, புறநகர்க்காரன் குளிக்கும் தண்ணீர் கெட்டது. 1900 ஒலிம்பிக் நீச்சல் போட்டிகளைக்கூட செய்ன் நதியில்தான் நடத்தினார்கள் என்றால் இன்று ஆச்சரியமாக இருக்கும். 1923-இல் பாரிஸுக்குள் நதியில் குளிப்பதற்கே தடை வந்தது. வெயில் கொளுத்திய வருஷங்களில் தடையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாரிஸ் கோடையை ஒரேயடியாக மாற்றிய வருஷம் 1936. அந்த மே மாதம் மக்கள் முன்னணி தேர்தலில் ஜெயித்தது. லியோன் ப்ளூம் பிரதமர் நாற்காலியில் உட்காரும் முன்பே தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கி நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஜூன் மாதமே சட்டம் வந்தது: வாரம் 40 மணி நேர வேலை, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. அதுவரை கூலிக்காரனுக்கு விடுமுறை என்றால் வேலை இல்லாத நாள், அதாவது சோறு இல்லாத நாள். இப்போது வேலை செய்யாமல் கையில் பணம்!

விடுமுறை கிடைத்தால் போதுமா, போக வழி வேண்டாமா? ஓய்வு நேரத்துக்கென்றே நியமிக்கப்பட்ட துணைச் செயலர் லியோ லக்ராஞ்ச், ரயில் கம்பெனிகளோடு பேசி 40 சதவீதத் தள்ளுபடி டிக்கெட் ஏற்பாடு செய்தார். வலதுசாரிப் பத்திரிகைகள் கிண்டலடித்தன. பணக்காரர்களின் கடற்கரைகளில் முகச்சுளிப்பு. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் அந்த டிக்கெட்டை வாங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அன்றுதான் கடலை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அப்புறம் விடுமுறை நீண்டுகொண்டே போனது. ரெனோ கார் கம்பெனி 1955-இல் தொழிற்சங்கத்தோடு பேசி மூன்றாவது வாரம் கொடுத்தது, அடுத்த வருஷம் அதுவே சட்டமானது. 1969-இல் நாலாவது வாரம், 1982-இல் ஐந்தாவது. பெரிய தொழிற்சாலைகள் ஆகஸ்டில் மொத்தமாக மூடிவிட, சின்னக் கடைகளும் கூடவே மூடின. வாங்க ஆள் இல்லாதபோது கடையைத் திறந்து என்ன பயன்? ஊரே போய்விட்டால் இருப்பவனுக்கு ரொட்டி கிடைக்குமா என்ற கவலை மட்டும் அரசாங்கத்துக்குப் புரட்சிக் காலம் தொட்டே உண்டு. ரொட்டிக் கடைக்காரர்கள் பாதிப் பேர் ஜூலையிலும் மீதிப் பேர் ஆகஸ்டிலும் முறை வைத்து விடுமுறை எடுக்க வேண்டும் என்று விதியே இருந்தது. 2015 கோடையில்தான் அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் அவரவர் இஷ்டப்படி மூட முடிந்தது.

எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொல்கிறோமே, அது பொய். பிரான்ஸில் பத்தில் நாலு பேர் போல விடுமுறைக்கு எங்கும் போவதில்லை என்று பல வருஷங்களாகவே கணக்கெடுப்புகள் சொல்கின்றன. சட்டம் ஐந்து வாரம் கொடுத்தது, கடலோர அறை வாடகையைக் கொடுக்கவில்லை. 1979-இல் செக்கூர் பொப்புலேர் என்ற தொண்டு நிறுவனம், விடுமுறை வாய்க்காத குழந்தைகளைப் பஸ்ஸில் ஏற்றி ஒரே ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போகத் தொடங்கியது. அந்த நாளுக்கு வைத்த பெயர் 'விடுமுறையில் மறக்கப்பட்டவர்களின் நாள்'. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

2001-இல் பெர்த்ராந்த் தெலனோயே மேயரானார். அடுத்த கோடையில், 2002 ஜூலையில், செய்ன் நதியை ஒட்டி 1967 முதல் கார்கள் பறந்துகொண்டிருந்த விரைவுச் சாலையின் ஒரு பகுதியை நாலு வாரம் மூடி, மணல் கொட்டி, தென்னை மாதிரியான மரங்களைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்து, சாய்வு நாற்காலி போட்டுவிட்டார். அதுதான் 'பாரிஸ் பிளாஜ்', பாரிஸ் கடற்கரை. கடலுக்குப் போக முடியாதவர்களிடம் கடற்கரை வரட்டும் என்ற யோசனை. கார் ஓட்டிகள் திட்டினார்கள், விளம்பர ஸ்டண்ட் என்றார்கள். முதல் வருஷமே 20 லட்சத்துக்கு மேல் கூட்டம். பல நகரங்கள் காப்பியடித்தன. அதே சாலையில் வலது கரையின் பெரும்பகுதி 2016-இல் கார்களுக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. மணல் மட்டும் 2017-இலிருந்து கரையில் கொட்டப்படவில்லை.

பாரிஸ் பிளாஜின் இரண்டாவது வருஷம்தான் 2003.

அந்த ஆகஸ்ட் முதல் பாதியில் வெயில் 39 டிகிரியைத் தாண்டியது. சென்னைக்காரர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்கலாம். ஆனால் பாரிஸ் கட்டடங்கள் குளிருக்காகக் கட்டப்பட்டவை. கூரை துத்தநாகத் தகடு. அதற்கு நேர் கீழே, அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்கென்று ஒதுக்கிய பொந்து போன்ற அறைகளில், சொற்ப வாடகைக்குத் தனியாக வாழும் கிழவிகள். ராத்திரிகூட 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள் வந்தது. மருத்துவமனைகளில் டாக்டர்கள் பலர் விடுமுறையில். சுகாதார அமைச்சர் தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்திலிருந்து, டி-ஷர்ட் போட்டபடி, தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். குடியரசுத் தலைவர் ஷிராக் கனடாவில். பிணவறைகள் நிரம்பி, ருஞ்ஜிஸ் மொத்தச் சந்தையின் குளிர்பதனக் கிடங்கில் சவங்களை வைத்தார்கள். நாடு முழுவதும் வழக்கத்தை விடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி, யாரும் கேட்டு வராத 57 உடல்களைப் புறநகர் தியே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். ஷிராக்கும் தெலனோயேவும் பக்கத்தில் நின்றார்கள்.

பெற்றோரை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போன பிள்ளைகள் என்று பத்திரிகைகள் சாபம் விட்டன. அது பாதி உண்மைதான். ரிச்சர்ட் கெல்லர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அந்த அனாதைச் சாவுகளைத் தேடிப் போய் 2015-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் காட்டுவது, ஆகஸ்டில் மட்டுமில்லாமல் வருஷம் முழுக்கவே யாருடைய கணக்கிலும் வராதவர்களை. மற்ற பதினோரு மாதம் கீழே கடைக்காரராவது முகம் பார்ப்பார். ஆகஸ்டில் அந்தக் கடையும் பூட்டு.

அரசாங்கம் விழித்துக்கொண்டதில் ஒரு வினோதக் கணக்கு உண்டு. 2004-இல் சட்டம் போட்டு, ஒரு பொது விடுமுறை நாளை எடுத்துவிட்டு, அன்று ஜனங்கள் சம்பளமில்லாமல் வேலை பார்க்க, அந்த வருமானத்திலிருந்து முதலாளிகள் கட்டும் தொகையை முதியோர் பராமரிப்புக்குத் திருப்பினார்கள். விடுமுறையால் வந்த குற்றவுணர்ச்சிக்கு விடுமுறையையே அபராதமாகக் கட்டியது போல! தனியாக இருக்கும் முதியோரின் பெயர்ப் பதிவேடு ஒன்றை ஒவ்வொரு ஊர் மேயரும் வைத்திருக்க வேண்டும், வெயில் ஏறினால் போன் போட்டு விசாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதே வருஷம் வந்தது. 2019 ஜூலை 25-இல் பாரிஸ் 42.6 டிகிரியைத் தொட்டபோது சாவு எண்ணிக்கை 2003 அளவுக்குப் போகவில்லை.

வெயில் இப்படி ஏறிக்கொண்டே போனால் ஏ.சி. இல்லாத ஜனம் எங்கே குளிரும்? பழைய நதிக்கே திரும்பினார்கள். மேயராக இருந்த காலத்தில் ஷிராக், மூன்று வருஷத்தில் செய்ன் நதியில் சாட்சிகளோடு குளித்துக் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தார். கடைசி வரை குளிக்கவில்லை. 2024 ஒலிம்பிக்கைச் சாக்காக வைத்துச் சுமார் 140 கோடி யூரோ செலவில் வேலை நடந்தது. சிக்கல் அதே பழைய சாக்கடைதான். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால் பெருமழை வந்தால் நதியில் வழியும். அதைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்தின் அருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். அப்படியும் ஒலிம்பிக் டிரையத்லான் போட்டியை மழையால் ஒரு நாள் தள்ளிப்போட வேண்டி வந்தது.

2025 ஜூலை 5-இல் பொதுமக்களுக்கு மூன்று இடங்கள் திறந்தன: பெர்சி, கிரெனெல், மேரி பாலம் பக்கம். 102 வருஷம் கழித்து! கட்டணம் கிடையாது, இடுப்பில் மஞ்சள் மிதவை கட்டிக்கொண்டால் போதும். தினமும் தண்ணீரைச் சோதித்துக் கொடி ஏற்றுவார்கள். முதல் நாள் அமர்க்களமாக நடந்தது, இரண்டாம் நாளே மழை வந்து மூடிவிட்டார்கள்.

ஆகஸ்ட் முடியும் தறுவாயில் லா ஷப்பேல் பக்கம் போனால் இன்னொரு கூட்டத்தைப் பார்க்கலாம். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் 1985-இல் அங்கே தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர்த் திருவிழா அது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். போலீஸ் தெருவை அடைக்க, நாதஸ்வரம் முழங்க, தேங்காய் மலை மலையாகக் குவிந்து சிதறும். விடுமுறை முடிந்து பெட்டியும் கையுமாகத் திரும்பும் பாரிஸ்காரர்களும் ஓரமாக நின்று, உடைந்த தேங்காயில் ஒரு சில்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள்.