போர் விமானப் பெயர்ல இருக்கிற எழுத்துக்கு என்ன அர்த்தம்? சூலூர் தேஜஸ் முதல் அரக்கோணம் பி-8ஐ வரை ஒரு கைடு

பழநி பக்கத்துல ஆயக்குடின்னு சொன்னா பலருக்கும் கொய்யாதான் ஞாபகம் வரும். அரசு வேலைக்குப் படிக்கிறவங்களுக்கோ அங்கே நடக்கும் இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சி ஞாபகம் வரும். அந்த ஊருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வடமேற்கே போனால் சூலூர், கிழக்கே போனால் தஞ்சாவூர். இரண்டுமே இந்திய விமானப்படையின் தளங்கள். தேஜஸ், சுகோய் என்று பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் பெயர்கள் எல்லாம் நம்ம ஊர்ப் பக்கமே பறந்தவை, பறப்பவை.

ஆனால் சு-30 எம்.கே.ஐ., மி-17 வி5, சி-17, பி-8ஐ என்று பட்டியலைப் பார்த்தால், யாரோ வண்டி நம்பர் பிளேட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி இருக்கும். உண்மையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு தகவல். எந்த நாடு பெயர் வைத்தது என்று தெரிந்தால் போதும், மீதியைப் படித்துவிடலாம்.

நம்ம ஊர்ல ஒருத்தரை மூணு விதமா அடையாளம் சொல்லுவோம். 'டிரைவர் மணி' என்றால் செய்யும் வேலை. 'கே.மணி' என்றால் அப்பா பெயரின் இனிஷியல். 'குண்டு மணி' என்றால் பட்டப்பெயர். விமானங்களுக்கும் இதே மூணு வழிதான்.

அமெரிக்கா: வேலையைச் சொல்லும் எழுத்து

அமெரிக்க முறை, 'டிரைவர் மணி' முறை. முதலில் வரும் எழுத்து அந்த விமானம் என்ன வேலை பார்க்கிறது என்று சொல்லும். 'எஃப்' என்றால் ஃபைட்டர், அதாவது வானில் சண்டையிடும் போர் விமானம். 'ஏ' என்றால் தரையைத் தாக்குவது. 'சி' என்றால் கார்கோ, சரக்கும் படையினரும் ஏற்றிச்செல்வது. 'டி' பயிற்சிக்கு, 'ஹெச்' ஹெலிகாப்டருக்கு, 'கே' வானத்திலேயே இன்னொரு விமானத்துக்கு எரிபொருள் நிரப்புவதற்கு, 'எக்ஸ்' சோதனைக்கு.

இரண்டு எழுத்து சேர்ந்து வந்தால் அர்த்தமும் சேரும். ஏஹெச்-64 அப்பாச்சி, தாக்கும் ஹெலிகாப்டர். சிஹெச்-47 சினூக், சரக்கு ஹெலிகாப்டர். எஃப்/ஏ-18, சண்டையும் போடும், தரையையும் தாக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து எத்தனையாவது மேம்பாடு என்பதைக் காட்டும். இந்தியா வாங்கிய அப்பாச்சி, 'ஏஹெச்-64இ'.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல். பி-52 என்பது பாம்பர், குண்டுவீச்சு விமானம். பி-8 என்பது பேட்ரோல், கடலைக் கண்காணிக்கும் விமானம். ஆங்கிலத்தில் ஒன்று இரண்டாவது எழுத்து, மற்றது பதினாறாவது எழுத்து. தமிழில் இரண்டுமே 'பி'தான். எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

இந்த ஒழுங்கு ஆரம்பத்தில் இல்லை. அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் தனித்தனியாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தன. ஃபேன்டம் என்ற ஒரே விமானத்தைக் கடற்படை 'எஃப்4ஹெச்' என்றது, விமானப்படை 'எஃப்-110' என்றது. 1962-ல் எல்லாப் படைகளுக்கும் ஒரே முறை வந்தது. ஃபேன்டம், எஃப்-4 ஆனது. அதற்குப் பிறகும் விதிவிலக்குகள் உண்டு. எஃப்-117 என்ற ஸ்டெல்த் விமானத்தின் வேலை தரையைத் தாக்குவது, பெயரில் இருப்பதோ 'எஃப்'.

ரஷ்யா: அப்பா பெயர் இனிஷியல்

சோவியத் காலத்திலிருந்து வரும் ரஷ்ய முறை, 'கே.மணி' முறை. வேலையைச் சொல்லாது, வடிவமைத்தது யார் என்று சொல்லும். 'சு' என்றால் சுகோய், 'து' என்றால் துப்போலெவ், 'இல்' என்றால் இல்யூஷின், 'மி' என்றால் மில். 'மிக்' என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: மிகோயன், குரேவிச். நடுவில் இருக்கும் 'இ' சத்தம் ரஷ்ய மொழியில் 'மற்றும்'.

மிக் போர் விமானங்களின் எண்களைக் கவனித்திருக்கிறீர்களா? 15, 17, 19, 21, 23, 25, 27, 29, 31. எல்லாம் ஒற்றைப்படை. இந்திய விமானப்படை இதில் 21 முதல் 29 வரை ஐந்தையும் பறக்கவிட்டிருக்கிறது. 1963-ல் வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது.

எண்ணுக்குப் பின்னால் வருவது ரகம். சு-30 எம்.கே.ஐ.யில் 'எம்' நவீனப்படுத்தியது, 'கே' ஏற்றுமதிக்கானது, 'ஐ' இந்தியாவுக்கானது. மலேசியா வாங்கியது எம்.கே.எம்., அல்ஜீரியா வாங்கியது எம்.கே.ஏ. தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 அன்று தொடங்கிய 222-வது படைப்பிரிவான 'டைகர்ஷார்க்ஸ்' பயன்படுத்துவது இந்த எம்.கே.ஐ. விமானத்தைத்தான்.

இரண்டு முறையும் சந்தித்த அரக்கோணம்

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அரக்கோணம் போதும். அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் 1992-ல் தொடங்கப்பட்டது. கடற்படை தன் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். ராமநாதபுரம் உச்சிப்புளியில் இருப்பது ஐ.என்.எஸ். பருந்து.

ராஜாளியில் இருக்கும் 312-வது படைப்பிரிவு பல ஆண்டுகள் பறக்கவிட்டது 'து-142 எம்'. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டை விசிறி கொண்ட ராட்சத விமானம். 2017 மார்ச் 29 அன்று அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். அதன் இடத்தைப் பிடித்தது அமெரிக்காவின் பி-8ஐ. நாம் ஏர்போர்ட்டில் பார்க்கும் போயிங் 737-ன் உடன்பிறப்பு.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். கடலில் பல மணி நேரம் சுற்றி நீர்மூழ்கியைத் தேடுவது. 'து' என்ற எழுத்தை வைத்து அந்த வேலையைக் கண்டுபிடிக்க முடியாது, யார் வடிவமைத்தார்கள் என்று மட்டும்தான் தெரியும். 'பி' என்ற எழுத்து வேலையைச் சொல்லிவிடும், ஆனால் தயாரித்தது போயிங் என்று சொல்லாது. கடைசியில் இருக்கும் 'ஐ', இந்தியாவுக்கான ரகம். பழைய து-142 ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் விசாகப்பட்டினம் போங்க. கடற்கரைச் சாலையில் அதையே மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள்.

'மி' வேற, 'மிக்' வேற

தேர்விலும் செய்தியிலும் அதிகம் குழப்பும் ஜோடி இது. மி-17 ஒரு ஹெலிகாப்டர். மிக்-17 ஒரு பழைய போர் விமானம். ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும்.

2019 பிப்ரவரி 27 நினைவிருக்கும். தமிழ்நாட்டைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் ஓட்டிச்சென்றது 'மிக்-21 பைசன்'. அதே நாள் காலையில் ஸ்ரீநகர் பக்கம் பட்காமில் விழுந்தது 'மி-17 வி5'. அந்த ஹெலிகாப்டரை வீழ்த்தியது எதிரி இல்லை, நம் ஏவுகணையே. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய தவறு என்று அப்போதைய விமானப்படைத் தளபதி பதாரியா 2019 அக்டோபரில் ஒப்புக்கொண்டார். வானத்தில் வருவது யார் என்று சரியாக அடையாளம் காண்பது பொது அறிவு மார்க்கோடு முடிகிற விஷயம் இல்லை.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பி, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தோடு குன்னூர் அருகே விழுந்ததும் மி-17 வி5 தான்.

அடையாளம் தெரிந்ததால் ஒரு காத்திருப்பு முடிந்த கதையும் நம்மிடம் உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஆன்-32 விமானம், 29 பேரோடு வங்கக் கடல் மேல் காணாமல்போனது. ஏழரை வருஷம் எந்தத் தடயமும் இல்லை. 2024 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதைந்த பாகங்கள் தெரிந்தன. அவை ஆன்-32 ரகத்தோடு பொருந்தின, அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்த பதிவும் இல்லை. அந்த 29 குடும்பங்களுக்கும் பதில் கிடைத்தது அப்படித்தான். 'ஆன்' என்பது அன்டோனோவ், இன்றைய உக்ரைனின் கீவ் நகர நிறுவனம். அதனால் ஆன்-32 எந்த நாட்டு விமானம் என்று கேட்டால் 'ரஷ்யா' என்று அவசரமாக டிக் அடிக்காதீங்க.

நேட்டோ வைத்த பட்டப்பெயர்

பனிப்போர் காலத்தில் சோவியத் விமானங்களின் உண்மைப் பெயர் மேற்கு நாடுகளுக்குப் பல நேரம் தெரியாது. அதனால் நேட்டோ தானே பட்டப்பெயர் வைத்தது. போர் விமானம் என்றால் 'எஃப்' சத்தத்தில் தொடங்கும்: மிக்-21 ஃபிஷ்பெட், மிக்-29 ஃபுல்க்ரம், சுகோய் ஃப்ளாங்கர். சரக்கு விமானம் 'சி' எழுத்தில்: இல்-76 கேன்டிட், ஆன்-32 க்ளைன். ஹெலிகாப்டர் 'ஹெச்' எழுத்தில்: மி-17 ஹிப், மி-26 ஹேலோ.

விமானங்களுக்கு இன்னொரு குறிப்பும் உள்ளே ஒளிந்திருக்கிறது. பெயர் ஒரே அசையாக இருந்தால் விசிறி, இரண்டு அசையாக இருந்தால் ஜெட். அரக்கோணத்து து-142, 'பேர்', கரடி. ஒரே அசை, விசிறி. சரியாக வருதா?

நம்ம நாடு வைக்கும் பெயர்கள்

ஹெச்.ஏ.எல். வடிவமைத்தவற்றில் முதல் எழுத்து ஹிந்துஸ்தான். ஹெச்.எஃப்-24 மாருத் என்றால் ஹிந்துஸ்தான் ஃபைட்டர். 1961-ல் முதன்முதலாகப் பறந்தது. ஹெச்.ஜே.டி-16 கிரண், ஹிந்துஸ்தான் ஜெட் ட்ரெய்னர். ஹெச்.டி.டி-40-ல் நடுவில் இருப்பது டர்போ.

தேஜஸுக்கு ஆரம்பத்தில் எல்.சி.ஏ., இலகு ரகப் போர் விமானம் என்றுதான் பெயர். 2001 ஜனவரி 4 அன்று முதல்முறை பறந்தது. 2003-ல் பிரதமர் வாஜ்பாய் 'தேஜஸ்' என்று பெயரிட்டார். 2020 மே 27 அன்று சூலூரில் தேஜஸோடு மீண்டும் உயிர்பெற்றது 18-வது படைப்பிரிவு. 1971 போரில் பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செகான் பறந்த அதே படைப்பிரிவு. அன்று அவர் ஓட்டியது நாட் என்ற குட்டி விமானம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவற்றுக்கும் நாம் இன்னொரு பெயர் வைப்போம். மிராஜ் 2000 'வஜ்ரா', மிக்-29 'பாஸ்', ஜாகுவார் 'ஷம்ஷேர்', இல்-76 'கஜராஜ்'. தேர்வில் இந்தப் பெயரையும் கேட்பார்கள்.

வால் எண்ணையும் படிங்க

விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கும் எண், ஆதார் எண் மாதிரி. ஒரே ஒரு விமானத்துக்குத்தான் அது சொந்தம். ஆனால் அதன் முன் எழுத்துகள் ரகத்தைக் காட்டிக்கொடுக்கும். ஜாகுவாரில் ஜே.எஸ். என்றால் ஒற்றை இருக்கைத் தாக்குதல் ரகம், ஜே.டி. என்றால் இரட்டை இருக்கைப் பயிற்சி ரகம், ஜே.எம். என்றால் கடல் பணிக்கானது. தேஜஸில் எல்.ஏ. வரும்.

ரஃபேல் கதை கொஞ்சம் சுவாரஸ்யம். 36 ரஃபேலில் 28 ஒற்றை இருக்கை, 8 இரட்டை இருக்கை. ஒற்றை இருக்கைக்கு பி.எஸ்., இது முன்னாள் தளபதி பி.எஸ்.தனோவாவின் இனிஷியல். இரட்டை இருக்கைக்கு ஆர்.பி., இது அவருக்குப் பின் தளபதியான ராகேஷ் பதாரியாவைக் குறிப்பது.

ஃபார்வர்டு வந்தா இப்படிப் பாருங்க

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் 'ரஃபேல் விழுந்தது' என்று போட்டோக்கள் பரவின. அதில் ஒன்று 2021-ல் பஞ்சாபின் மோகாவில் விழுந்த மிக்-21. இன்னொன்று 2024 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் பக்கம் விழுந்த மிக்-29. மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை கண்டறியும் பிரிவு இவை பழைய படங்கள் என்று விளக்கியது. சண்டை நடக்கும் நாளில் ஒரு பொய்ப் படம் குடும்பங்களை எப்படிப் பதறவைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தமுறை ஷேர் பட்டனைத் தொடும் முன் இதைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்க:

• ரஃபேல்: இரண்டு இன்ஜின், ஒரே செங்குத்து வால், காக்பிட் பக்கத்தில் குட்டி இறக்கை.
• மிக்-29: இரண்டு இன்ஜின், இரண்டு செங்குத்து வால், குட்டி இறக்கை கிடையாது.
• சு-30 எம்.கே.ஐ.: இரண்டு இன்ஜின், இரண்டு வால், முன்பக்கம் குட்டி இறக்கை, இரண்டு இருக்கை. அளவில் ரொம்பப் பெரியது.
• மிக்-21: ஒரே இன்ஜின், மூக்கிலேயே காற்று நுழையும் வட்ட வாய், நடுவில் கூம்பு.
• மிராஜ் 2000, தேஜஸ்: ஒரே இன்ஜின், முக்கோண இறக்கை, முன்பக்கக் குட்டி இறக்கை இல்லை. இரண்டில் தேஜஸ் சிறியது.

கடைசியா ஒரு பொறி. பாகிஸ்தானின் ஜே.எஃப்-17, சீனாவின் ஜே-10. இரண்டிலும் 'ஜே' இருக்கு, ஆனால் ஒன்றல்ல. சீனப் பெயரில் அது 'ஜியான்', போர் விமானம். பாகிஸ்தான் பெயரில் 'ஜாயின்ட் ஃபைட்டர்', சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து செய்தது. ஆகவே ஒரு பெயரைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது 'இது என்ன எழுத்து' என்று அல்ல, 'இதை வைத்தது எந்த நாடு' என்று. அதற்குப் பதில் கிடைத்தால், அந்த எழுத்து வேலையா, இனிஷியலா, பட்டப்பெயரா என்று நீங்களே சொல்லிவிடுவீங்க.