ஆலங்கட்டி மழையும் ஐந்து வருடக் கணக்கும்

மார்ச் பிறந்துவிட்டால் போதும், எங்கள் தொம்மலூரில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவோம். மே மாதம் முடியும் வரை இந்தப் பயம்தான். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை இடிமேகத்தில் உறையும் பனிக்கட்டி, கீழே வந்து சேர்வதற்குள் முழுக்கக் கரைந்துவிடுவதில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் யாரோ கல் எறிவது போலச் சத்தம். பையன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். நான் பழைய கம்பளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்ற காரைப் பார்க்க ஓடினேன். வீட்டம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். "காருக்கு இன்சூரன்ஸ் இருக்கு. உங்க மண்டைக்கு இருக்கா?"

ராத்திரி ஊருக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "ஆலங்கட்டியா! சின்ன வயசுல பொறுக்கித் தின்பியேடா" என்றார்கள். அப்போது நமக்கு ஏது கார்? :-)

சரி, கதைக்கு வருவோம். ஆலங்கட்டிக்கு நம் ஆட்கள் சங்க காலத்திலேயே 'ஆலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயிருக்கும் உயிருக்கும்தான் ஆதியில் அது எதிரி. 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் பக்கம் பெய்த ஆலங்கட்டியில் 246 பேர் இறந்தார்கள். வெட்டவெளியில் சிக்கியவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற ஆலங்கட்டி மழை என்று உலக வானிலை அமைப்பு 2017ல் அதைப் பதிவு செய்தது.

கார்க் கவலை பிறகு வந்தது. 1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் முனிக் நகரில் அடித்த ஆலங்கட்டியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் நசுங்கின. வேடிக்கை என்னவென்றால், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்சூரன்ஸ் கொடுக்கும் முனிக் ரீயின் தலைமையகம் அதே ஊரில்தான். 1999 ஏப்ரல் 14 அன்று சிட்னியின் முறை. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆன செலவு மட்டும் 170 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம் என்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான். அதில் ஆலங்கட்டிக்குக் காலணா கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கான பாலிசியில்தான் புயல், வெள்ளத்தோடு ஆலங்கட்டியும் வரும். 2019 செப்டம்பரிலிருந்து அதைத் தனியாகவும் வாங்கலாம். கண்ணாடி உடைந்தால் தேய்மானம் கழிக்கமாட்டார்கள். பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி கழிப்பார்கள்.

ஆனால் சின்னச் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் கிளெய்ம் போடலாமா? பேங்க் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50. பிரீமியம் மாறாவிட்டாலும் ஐந்து வருடத்தில் இழப்பது 10,000 ரூபாய். சின்னக் கார் என்றால் நாம் கையிலிருந்து போடவேண்டிய 1,000 வேறு. ஆக, ரிப்பேர் 11,000க்குள் முடிந்தால் பேசாமல் நாமே செய்துகொள்வது லாபம். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாலிசி எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2023 மே 21 அன்று பெங்களூரில் மழையும் ஆலங்கட்டியும் கொட்டியபோது, கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் இறந்துபோனார். அன்று எத்தனை கார்களில் பள்ளம் விழுந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

என் காரின் கூரையில் ஏழு பள்ளங்கள். எண்ணினேன், கிளெய்ம் போடவில்லை. கம்பளி மறுபடி பரணுக்குப் போய்விட்டது. வானம் கறுத்தால் இப்போது நானும் கிண்ணத்தோடு பால்கனிக்குத்தான்.