எமானுவேல் செல்லரும் மூப்புமுறையும்: ஓர் அமெரிக்கச் சட்டவாக்குநரின் அரைநூற்றாண்டு

ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் வரலாற்றைக் காலப்பகுதிகளாக வகுப்போர் பெரும்பாலும் சனாதிபதிகளின் பெயர்களையே அவற்றுக்கு இடுவர். ஆயின், சட்டமூலங்களின் வாழ்வையும் சாவையும் நீண்ட காலமாக நிர்ணயித்தோர் காங்கிரசின் குழுத்தலைவர்களே. அத்தகையோருள் ஒருவர், 1923 மார்ச் முதல் 1973 ஜனவரி வரை பிரதிநிதிகள் சபையில் இடையறாது வீற்றிருந்த எமானுவேல் செல்லர் (1888–1981). அவரது பணியை மதிப்பிடுவதும், அப்பணிக்கு ஆதாரமாயிருந்த மூப்புமுறையின் இரட்டை இயல்பை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செல்லர் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில், ஜேர்மன் வழிவந்த யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவர். 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் சனநாயகக் கட்சி சார்பில் வென்ற அவர், 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தைத் தம் முதற் போர்க்களமாகக் கொண்டார். 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டிலிருந்த ஒவ்வொரு நாட்டவரினதும் தொகையில் நூற்றுக்கு 2 வீதத்தினரையே ஆண்டுதோறும் அனுமதிக்க அச்சட்டம் விதித்தது. 1890 தற்செயலாகத் தெரியப்பட்டதன்று. தென், கிழக்கு ஐரோப்பியர் பெருந்தொகையாக வந்து சேர்வதற்கு முந்திய ஆண்டு அது. குடியுரிமைக்குத் தகுதியற்றோர் எனும் பெயரால் ஆசியருக்கோ வாயில் அடைக்கப்பட்டது. செல்லர் எதிர்த்துப் பேசினார், சட்டம் நிறைவேறியது. புதிய உறுப்பினரின் பேச்சுக்குச் சபையில் வலு இருக்கவில்லை.

வலுவை அளித்தது மூப்புமுறை. 1910ஆம் ஆண்டிற் சபாநாயகர் கனனின் தனியதிகாரம் முறியடிக்கப்பட்டபின், குழுவில் நீண்ட காலம் பணியாற்றிய பெரும்பான்மைக் கட்சி உறுப்பினரே அதன் தலைவராதல் வேண்டுமென்ற வழக்கம் வேரூன்றிற்று. கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த தென் மாநிலங்களில் சனநாயகக் கட்சியினர் போட்டியின்றியே மீண்டும் மீண்டும் தெரிவாகினர். இதனால் குழுத்தலைமைகள் பல இனவொதுக்கலைப் பேணுவோர் கைகளிற் சென்றடைந்தன. எனினும் அதே விதி, பாதுகாப்பான புறூக்ளின் தொகுதியிலிருந்து வந்த செல்லரையும் உயர்த்தியது. 1949 முதல் 1973 வரை, குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்ற 1953–55 இடைக்காலம் தவிர, நீதிக்குழுவின் தலைவர் அவரே.

குடிவரவில் அவர் பெற்ற வெற்றிகள் படிப்படியானவை. 1946ஆம் ஆண்டின் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியருக்கும் பிலிப்பீனியருக்கும் குடியுரிமை பெறும் தகுதியை வழங்கியது. ஆயினும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவே விதிக்கப்பட்டது. 1965 ஒக்டோபர் 3ஆம் திகதி ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்ட ஹார்ட்–செல்லர் சட்டமே 1924இன் தேசியத் தோற்ற ஒதுக்கீட்டை ஒழித்தது. முதற் பேச்சுக்கும் இவ்வெற்றிக்கும் இடையே 41 ஆண்டுகள் கழிந்தன.

இச்சட்டத்தை மனிதாபிமானத்தின் வெற்றியென மட்டும் கொள்ளல் முழுமையான பார்வையாகாது. ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் பெருந்தொகையானோர் வரமாட்டார் என விவாதத்தின்போது செல்லரே உறுதி கூறினார். வரலாறு அதனைப் பொய்ப்பித்தது. தொழிற்றகைமையாளருக்கு அளிக்கப்பட்ட முன்னுரிமை, தமிழர் உட்பட்ட தென்னாசிய மருத்துவரும் பொறியியலாளரும் அந்நாட்டிற் குடியேற வழிவகுத்தது. பயிற்றுவிக்கும் செலவை வறிய நாடுகள் ஏற்க, பயனை வளமிக்க நாடு பெற்றது. மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக 120,000 என்ற உச்சவரம்பும் அச்சட்டத்தாலேயே வந்தது. மெக்சிக்கோத் தொழிலாளர் பலர் பின்னாளிற் சட்டவிரோதக் குடியேறிகளாக நோக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டத்தில் செல்லரின் ஆற்றல் உச்சநிலை எய்தியது. ஒஹாயோவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் வில்லியம் மக்கலொக்குடன் இணைந்து சட்டமூலத்தைத் தம் குழுவில் நிறைவேற்றினார். ஆனால் விதிகள் குழுவின் தலைவரான வேர்ஜினியாவின் ஹவார்ட் ஸ்மித் அதனை முடக்க முயன்றார். 218 உறுப்பினர் ஒப்பமிட்டால் சட்டமூலத்தைக் குழுவின் பிடியிலிருந்து விடுவிக்கும் மனுவை 1963 டிசம்பரிற் செல்லர் முன்வைத்தார். ஒப்பங்கள் முழுமை பெறுமுன்பே ஸ்மித் பணிந்தார். 1964 பெப்ரவரி 10ஆம் திகதி சபை 290–130 என்ற வாக்குகளால் அதனை ஏற்றது. நாட்டையே உலுக்கிய மக்கள் இயக்கமின்றி இது நிகழ்ந்திராது என்பது வெளிப்படை. அவ்வியக்கத்தின் கோரிக்கையைச் சட்டவடிவாக்கும் கருவியாகச் செல்லர் பயன்பட்டார்.

அதே விவாதத்தில், தொழில்வாய்ப்பிற் பால்வேறுபாட்டையும் தடைசெய்யும் திருத்தத்தை ஸ்மித் கொணர்ந்தபோது, செல்லர் அதனை எதிர்த்தார் என்பது கவனிக்கத்தக்கது. பெண்களுக்குச் சமவுரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தமும் அவரது குழுவில் ஆண்டுக்கணக்கிற் கிடப்பிற் கிடந்தது. 1970இல் மிச்சிகன் உறுப்பினர் மார்த்தா கிறிவ்வித்ஸ் 218 ஒப்பங்களைத் திரட்டி அதனை மீட்டார். ஸ்மித்துக்கு எதிராகச் செல்லர் ஏந்திய ஆயுதம், ஏழாண்டுகள் கழியுமுன்னரே அவருக்கெதிராகத் திரும்பிற்று. இனவொதுக்கலின் வாயிற்காவலனை வென்றவர், தாமே மற்றொரு வாயிலின் காவலராகிவிட்டிருந்தார்.

1972ஆம் ஆண்டுக் கட்சி முன்தேர்தலில், வியட்நாம் போரையும் பெண்ணுரிமைத் திருத்தத்தையும் முன்னிறுத்திய எலிசபெத் ஹோல்ற்ஸ்மன் என்னும் இளம் வழக்கறிஞர் ஏறத்தாழ 600 வாக்குகளால் அவரைத் தோற்கடித்தார். 1974இல் நிக்சன் மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்த நீதிக்குழுவில் ஹோல்ற்ஸ்மனும் ஓர் உறுப்பினர். 1975இல் சனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மூப்புமிக்க குழுத்தலைவர் மூவரைப் பதவிநீக்கினர். மூப்பு மட்டுமே தகுதி என்ற நிலை தகர்ந்தது.

செல்லரை முற்போக்காளர் எனவோ பழைமைவாதி எனவோ ஒரு சொல்லில் அடக்கல் பொருந்தாது. ஒதுக்கப்பட்ட ஒரு பிரிவினரின் அனுபவம் அவரைப் போராளியாக்கிற்று. அவ்வனுபவத்துக்கு அப்பாலிருந்த பிறிதொரு பிரிவினரின் கோரிக்கையை அவரால் இனங்காண முடியவில்லை. மக்களுக்குப் பொறுப்புக் கூறாத அதிகாரம் நல்லவர் கையிலிருப்பினும் அதன் இயல்பு மாறுவதில்லை. 1964உம் 1970உம் ஒருங்கே நோக்கப்படும்போது அவரது வாழ்வு நல்கும் பாடம் இதுவே எனலாம்.